நடைபிணங்களும் ஏற்காட்டுப் படகு இல்லமும்

உலகம் அழியும் கதையை எழுத உட்காருபவர், நோய் எங்கிருந்து கிளம்பியது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, பிழைத்தவர்கள் எந்தக் கட்டடத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்தப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு செய்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். 1968-இல் அமெரிக்காவில் வெளியாகி, செத்தவர்கள் எழுந்து வந்து துரத்தும் நடைபிணக் (ஜாம்பி) கதைகளுக்கு இலக்கணம் வகுத்துத் தந்த கறுப்பு வெள்ளைப் படம், ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு பண்ணை வீட்டுக்குள் நடந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1978-இல், அதே இயக்குநர் தம் ஆட்களைப் பெரிய வணிக வளாகம் ஒன்றுக்குள் கொண்டுபோய் அடைத்தார். பண்ணை வீட்டில், யார் சொல்வதை யார் கேட்பது என்ற சண்டை முன்னால் நின்றது. வணிக வளாகத்தில், தேவைக்கு மேல் பொருள் குவிந்து கிடக்கும்போது மனிதர்கள் என்ன ஆகிறார்கள் என்பது முன்னுக்கு வந்தது. துரத்தி வரும் பிணங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டடம் மாறியதும் கதை கேட்கும் கேள்வி மாறிவிட்டது.

ஓய்வு நேரங்களில் நான் எழுதிவரும் நெடுங்கதைக்கு ஏற்காட்டு ஏரிக்கரைப் படகு இல்லத்தைக் களமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் எனக்கு, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை மொட்டை மாடியில் ஏறினாலே தெரியும் மலைதான். கதையைப் பற்றிச் சொன்னால் நண்பர்கள் பலரும், "பழைய பங்களா ஒன்று போதாதா, போட் ஹவுஸ் எதற்கு?" என்று கேட்கிறார்கள். ஏற்காட்டில் பழைய பங்களாக்களுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மை. ஆனால் பங்களா என்பது உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் இடம். படகு இல்லமோ ஒரு பக்கம் சாலையைப் பார்த்தும் மறுபக்கம் தண்ணீரைப் பார்த்தும் திறந்து கிடக்கும் கட்டடம். அதற்குள் ஓடி வருபவர் ஒளிந்துகொள்ள வருகிறாரா, தப்பிப் போக வருகிறாரா என்பது அவருக்கே தெரியாது. உள்ளே வந்த பிறகும் அவர் அதை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அடைக்கலம் புகுந்த இடத்திலேயே ஒரு தீராத கேள்வி உட்கார்ந்திருப்பதுதான் என்னை இந்தக் களத்துக்கு இழுத்தது.

பூங்காப் படகு இல்லங்களைப் பற்றி எழுதும்போது, நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் உள்ள பிராஸ்பெக்ட் பூங்காவைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. 1905-இல் அங்கே கட்டப்பட்ட படகு இல்லம், வெனிஸ் நகரத்துப் பழைய நூலகக் கட்டடம் ஒன்றைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது. வரிசையான வளைவு வாயில்களும் வெண்ணிறச் சுடுமண் முகப்பும் கொண்ட அந்தக் கட்டடம் தண்ணீரின் விளிம்பிலேயே நிற்கிறது. 1964-இல் அதை இடிக்க முடிவெடுத்தபோது ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். நடைபிணக் கதை எழுதுபவருக்கு அந்த முகப்பைவிட அதன் முன்னால் கிடக்கும் தண்ணீர்தான் பெரிய கொடை. பூங்காவின் நீர்நிலைகள் 19-ஆம் நூற்றாண்டில் மனிதர் கையால் வெட்டப்பட்டவை. இன்றும் அவற்றுக்கு நகரத்தின் குடிநீர் வழங்கலிலிருந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். நகரம் செத்துப்போனால் குழாயும் ஒரு நாள் நின்றுபோகும். குழாய் நின்றால் ஏரி தேங்கும், பாசி படரும், கோடையில் கரை உள்வாங்கும். படகு இல்லத்தில் பதுங்கியவர்களுக்கு அகழியாக இருந்த தண்ணீர், வாரத்துக்கு வாரம் அவர்கள் கண்ணெதிரிலேயே சுருங்கும். ஒரு முழுக் கதையை ஓட்டிச் செல்ல இந்த ஒரு செய்தியே போதும்.

ஏற்காட்டில் அந்தக் கதையை எழுத முடியாது. இங்கே ஏரிக்குத் தண்ணீர் மழையும் சரிவுகளும் கொடுப்பது. மனிதர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வரும். மழைக் காலத்தில் ஏரி நிறைந்து வழியும் உபரி நீர் ஓடை வழியாகப் போய், 300 அடி உயரக் கிளியூர் அருவியாக விழுகிறது. ஆகவே புரூக்ளினில் மெல்ல வற்றிப் பயமுறுத்தும் தண்ணீர், ஏற்காட்டில் ஏறி வந்து பயமுறுத்தும். படகு கட்டும் துறையின் பலகை நனையும். கயிற்றின் நீளம் போதாமல் போகும். கரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே இருந்த மண் காணாமல் போகும். இரண்டு ஏரிகளையும் ஒரே கதைக்குள் மாற்றி வைத்துப் பார்த்தால் கதை நொண்டும். களம் என்பது பின்னால் தொங்கவிடும் திரை அன்று என்று எழுத்துப் பட்டறைகளில் சொல்லித்தருகிறார்கள். அதை எனக்கு உறைக்க வைத்தது இந்த வேறுபாடுதான்.

ஏற்காட்டுப் படகு இல்லம் கட்டடக்கலைப் புத்தகங்களில் இடம்பெறும் கட்டடம் அன்று. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் அந்த இடத்தில் சீட்டு கொடுக்கும் சன்னல், லைஃப் ஜாக்கெட்டுகள், படகில் ஏறும் துறை, அலையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கும் மிதிபடகுகள் ஆகியவைதான் கண்ணில் படும். பக்கத்தில் அண்ணா பூங்கா. வெளியே வந்தால் மிளகாய் பஜ்ஜிக் கடைகள். பயன்பாட்டுக்காக மட்டும் அமைந்த இடத்தில், அவரவர் வேலையால் தேய்ந்த பொருள்கள் கிடைக்கும் என்பதால் இந்த எளிமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாலையில் கூட்டம் குறைந்த பிறகு ஒரு படகோட்டி, அடி வெட்டிய பிளாஸ்டிக் கேனால் படகுக்குள் தேங்கிய தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கேனின் வெட்டு விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபைக் கீறி அதன்மேல் மாட்டியிருந்தார். பேச்சுக் கொடுத்தபோது, "மழ பேஞ்சா ராத்திரியே வந்து மொண்டு ஊத்திறணும் சார். விட்டா காலையில பாதிப் படகு உள்ள போயிரும்" என்றார். உலகம் அழிந்த பிறகும் ஒருவர் இரவில் எழுந்து வந்து படகுகளிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றியாக வேண்டும் என்பதை அந்தப் பேச்சிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். என் கதையின் முதல் சாவு அந்த வேலையின்போது நிகழ்கிறது.

படகுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையின் அச்சம் எல்லாம் அவற்றின் அமைப்பிலேயே ஒளிந்திருக்கிறது. துடுப்புப் படகில் துடுப்பு போடுபவர், போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். தாம் விட்டுவந்த கரை அவருக்கு முழுதாகத் தெரியும். போய்ச் சேரப்போகும் கரை தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் அவருக்குக் கண்ணாக இருக்க வேண்டும். அந்த எதிராளி ஒரு குழந்தையாகவோ, நம்ப முடியாத ஆளாகவோ, கடிபட்டதை மறைத்துவைத்திருப்பவராகவோ இருந்தால் அந்த ஒரு பயணமே ஓர் அத்தியாயம் ஆகிவிடும். மிதிபடகில் நிலைமை தலைகீழ். முன்னால் பார்த்தபடிதான் மிதிக்க வேண்டும், பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்த்தால் கால் தளரும். அதோடு அதன் சக்கரம் தண்ணீரை அடிக்கும் சளக் சளக் என்ற ஓசை ஏரி முழுக்கக் கேட்கும். ஓசைக்குத் திரும்பும் நடைபிணங்கள் உள்ள உலகத்தில், இருவர் மிதிக்கும் படகு தன் இருப்பிடத்தைத் தானே ஊருக்குச் சொல்லிக்கொண்டு போகும். மோட்டார் படகைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெட்ரோல் இருக்கும்வரை அது ராஜா, அதற்குப் பிறகு வெறும் தொட்டி.

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். என் கதையின் முதல் வாசகி அவள்தான். அவள் ஒரே கேள்வியில் என்னை மடக்கப் பார்த்தாள். "மாமா, நடு ஏரியில படகை நிறுத்திக்கிட்டா ஒருத்தரும் கிட்ட வர முடியாதே. அப்புறம் எங்க இருந்து கதை?" நல்ல கேள்வி என்பதால் அதற்குத் தாள் எடுத்துக் கணக்குப் போட்டே பதில் சொன்னேன். ஏரியை ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டால், படகு குறுக்கே போகும் தூரம் விட்டம். கரையோரமாக நடந்து எதிர்ப்பக்கம் போகும் தூரம் அரைச் சுற்று. விட்டம் 100 மீட்டர் என்றால் அரைச் சுற்று 157 மீட்டர். களைத்துப்போன இருவர் மிதிக்கும் படகு, ஒருவர் சாதாரணமாக நடக்கும் வேகத்தைத் தாண்டுவதே பெரிது. ஆகவே படகும் பிணமும் ஒரே வேகத்தில் போனால், படகு எதிர்க்கரையைத் தொடும்போது பிணம் 57 மீட்டர் தள்ளி வந்துகொண்டிருக்கும். அந்த 57 மீட்டருக்குள் கயிற்றைக் கட்ட வேண்டும், பாட்டியைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டும், சரிவில் ஏற வேண்டும். ஏரி வட்டமாக இல்லாமல் நெளிந்து கிடந்தால் கரைச் சுற்று நீளும், பிழைப்பதற்கான நேரமும் கூடும். அதனால்தான் ஏரியின் ஒவ்வொரு வளைவையும் வரைந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சரி, எந்தக் கரைக்கும் போகாமல் நடுவிலேயே நின்றுவிட்டால் என்ன என்று அவள் விடவில்லை. மார்கழிக் குளிரில், மேலே கூரை இல்லாத படகில், நனைந்த துணியோடு ஓர் இரவு உட்கார்ந்திருக்க முடியுமா என்று திருப்பிக் கேட்டேன். எப்படியும் கரைக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும், எந்தக் கரைக்கு, எப்போது என்பதில்தான் கதை இருக்கிறது என்பதை அவள் ஒப்புக்கொண்டாள்.

தண்ணீரில் இறங்கும் பிணம் என்ன ஆகும் என்பதில் இந்த வகைக் கதைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சிலவற்றில் அவை தண்ணீரைக் கண்டாலே நின்றுவிடும், சிலவற்றில் அடியில் நடந்தே கடந்துவிடும். நான் உடலின் இயல்பைப் பின்பற்றுவதென்று வைத்துக்கொண்டேன். மனித உடலின் அடர்த்தி தண்ணீருக்கு மிக நெருக்கமானது. நுரையீரலில் காற்று இருக்கும்வரை மிதக்கும், அந்தக் காற்று போய்த் தண்ணீர் புகுந்தால் மூழ்கும். மூச்சே விடாத நடைபிணம் ஏரியில் இறங்கினால் அடிக்குத்தான் போகும். பிறகு அழுகல் தொடங்கி வயிற்றில் வாயு சேரும்போது மேலே வரும். கிணற்றில் விழுந்த உடல் மூன்றாம் நாள் மிதக்கும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். தண்ணீர் குளிர்ந்திருந்தால் அழுகல் தாமதமாகும். சேலத்துக் கிணற்றில் சில நாளில் வருவது ஏற்காட்டு ஏரியில் இன்னும் சில நாள் பிடிக்கும். எனவே படகு இல்லத்து மனிதர்களுக்கு, கரையிலிருந்து பிணங்கள் வரிசையாக ஏரிக்குள் இறங்கி மறைந்த நாள் வெற்றி நாளாகத் தோன்றும். அதற்குப் பின் வரும் அமைதியான நாள்களை நான் அவசரப்படாமல் எழுதியிருக்கிறேன். அவர்கள் அந்த நாள்களில் துணி துவைக்கிறார்கள், குழந்தைகளுக்குத் துடுப்பு போடக் கற்றுத் தருகிறார்கள், அதே தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். மழைக்காலமாக இருந்தால் மேலே வந்த உடல்கள் உபரி நீரோடு கிளியூர் அருவியில் போய் விழும். அருவிக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏரிக்கரையில் யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தியும் அப்படித்தான் போய்ச் சேரும்.

மலைக்கு மேலே எப்படி நோய் வருகிறது என்பதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அடிவாரத்துக்கு மேல் 20 கொண்டை ஊசி வளைவுகள். மணிக்கு 2 கிலோமீட்டர் நகரும் பிணம் சேலத்தில் கிளம்பினால் 15 மணி நேரத்தில் மேலே வந்துவிடும். குப்பனூர் வழியாக இன்னொரு சாலையும் இருப்பதால் ஒரு வளைவில் பாறையை உருட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆனால் பிணம் நடந்து வரும்வரை நோய் காத்திருக்கப் போவதில்லை. மே மாதக் கோடை விழாவுக்கு மலை கொள்ளாத கூட்டம் வரும்போது, ஜன்னலோர இருக்கையில் கையைத் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு அது பேருந்திலேயே வந்து இறங்கிவிடும். அன்றிரவு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நிற்பவர்கள், கீழே விளக்குகளாகப் பரந்து கிடக்கும் சேலம் பகுதி பகுதியாக இருண்டு போவதைப் பார்ப்பார்கள். சேலத்தில் வீடு உள்ள எனக்கு அந்தப் பக்கத்தை எழுதுவது எளிதாக இருக்கவில்லை. எந்தப் பகுதி முதலில் அணைகிறது என்று பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. ஐந்து ரோடு, அன்னதானப்பட்டி, கடைசியில் அஸ்தம்பட்டி.

உறைவிடப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1917-இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் முதலாக, வெளியூர்க் குழந்தைகள் தங்கிப் படிக்கும் ஊர் ஏற்காடு. பெற்றோர் எங்கேயோ, பிள்ளைகள் இங்கே. பேரழிவுக் கதையில் இதைவிடக் கனமான செய்தி வேறு வேண்டியதில்லை. நான் ஒரே ஒரு மாணவியை மட்டும், பெயர் சொல்லாத ஒரு பள்ளியிலிருந்து, படகு இல்லத்துக்குள் கொண்டுவந்திருக்கிறேன்; கூட்டமாகக் கொண்டுவந்தால் அவர்களைப் பலி கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கியும் என் கதையில் இல்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வைத்திருக்கும் நாட்டின் கதைகளில் வரும் வேட்டையை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் பொய்யாக இருக்கும். காப்பித் தோட்டத்தில் கவாத்துக்கு வைத்திருக்கும் கத்தி இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, மூடுபனி இறங்கினால் ஓடத் தெரிந்த கால்கள் இருக்கின்றன. தோட்டங்களுக்குள் உலவும் காட்டெருமைகளும் இருக்கின்றன. உயிருள்ளவரையும் பிணத்தையும் அவை ஒன்றாகவே முட்டும்.

காப்பித் தோட்டம் என்றதும் இந்தக் கதைவகையின் வேருக்குப் போக வேண்டியிருக்கிறது. நடைபிணம் பிறந்த மண் கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி. 1804-இல் விடுதலை பெறும்வரை அது பிரான்சின் அடிமைத் தோட்ட நாடாக இருந்தது; ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் உழைத்தே செத்தார்கள். அந்த மக்களின் நம்பிக்கையில் நடைபிணம் யாரையும் தின்பதில்லை. மந்திரவாதி ஒருவன் செத்தவரைப் புதைகுழியிலிருந்து எழுப்பித் தோட்டத்தில் வேலை வாங்குவான். செத்த பிறகும் ஓய்வு கிடையாது என்பதுதான் அவர்களைக் குலை நடுங்க வைத்த அச்சம். மனிதரைத் தின்னும் கூட்டமாக அவற்றை மாற்றியது பின்னாளில் வந்த திரைப்படம்தான். சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820-களில், காக்பர்ன் சேலத்தின் ஆட்சியராக இருந்த காலத்தில். இந்த மலையின் வரலாறும் ஹெய்ட்டியின் வரலாறும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். ஆயினும், துரைமார் பொழுதுபோக்கவும் கூலியாள் செடிக்கு நடுவே குனிந்து நிற்கவும் என்று பிரிந்து கிடந்த மலைவாழ்வை நினைத்துப் பார்க்காமல், ஏரிக்கரையில் படகு விடும் இன்பத்தை மட்டும் எழுத என்னால் முடியவில்லை. என் கதையில் நோய்வாய்ப்பட்டு இறந்த தோட்டத் தொழிலாளர்கள் எழுந்ததும் ஆள்களைத் தேடிப் போவதில்லை. விடியற்காலையில் லைன் வீடுகளிலிருந்து கிளம்பி, கூடை இல்லாத இடுப்போடு, காப்பிச் செடிகளுக்கு நடுவே போய் நின்று, இல்லாத பழத்தைப் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். வழியில் யாராவது குறுக்கிட்டால்தான் கடிக்கிறார்கள்.

ஹெய்ட்டி மக்களின் கதைகளில் இன்னொரு செய்தியும் உண்டு. என் கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. நடைபிணத்துக்கு உப்பில்லாத சோறுதான் போட வேண்டும். ஒரு கல் உப்பு நாக்கில் பட்டுவிட்டால் தான் செத்துப்போனது அதற்கு நினைவு வந்துவிடும். உடனே வேலையைப் போட்டுவிட்டுத் தன் புதைகுழியைத் தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். இதைப் படித்த நாளில் எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர், படகு இல்லத்து வாசலில் மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தரும் அம்மாதான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று சொல்லி வளர்ந்த ஊரில், உப்பு ஒருவருக்குத் தம்மை நினைவுபடுத்தும் என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நம் பரணி இலக்கியத்துப் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்டு களிக்கும். நம் கிராமத்துப் பேய்கள் உடலை இழந்து அலையும் உயிர்கள். உயிரை இழந்து அலையும் உடல் நமக்குப் புதியது, அதனால் அதை எதிர்கொள்ளும் வழியும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்தால் தலையில் அடித்துப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவர்களாக நம் மக்களை எழுத எனக்கு வரவில்லை. எடுத்துப் போட ஆள் இல்லையே, வாய்க்கரிசி போடவில்லையே, கருமாதி நடக்கவில்லையே என்றுதான் அவர்கள் முதலில் பதறுவார்கள். மாங்காய்க்கார அம்மா தம் கணவரைக் கரையில் நடைபிணமாகப் பார்க்கும்போது, ஓடாமல், கூடையிலிருந்து உப்பை அள்ளி அவர் வாயில் போடுகிறார். வாய்க்கரிசிக்குப் பதில் உப்பு. கணவர் திரும்பித் தம் ஊர்ச் சுடுகாட்டை நோக்கி நடக்கத் தொடங்குகிறார்.

அதன்பின் படகு இல்லத்தில் இருப்பவர்களின் கணக்கு மாறிவிடுகிறது. அதுவரை உயிர் காத்த தண்ணீர் இரண்டாம் இடத்துக்குப் போய், உப்பு முதலிடத்துக்கு வருகிறது. மலையில் காப்பி உண்டு, மிளகு உண்டு, பலா உண்டு, ஆரஞ்சு உண்டு. உப்பு மட்டும் கீழேயிருந்துதான் வர வேண்டும். இங்கேதான் நான் மலையின் பழங்குடியினரைக் கதைக்குள் கொண்டுவருகிறேன். மலையாளிகள் என்று அழைக்கப்படும் இம்மக்களின் வாய்மொழிக் கதைப்படி, அவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பி மூவர். பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள். ஊரை விட்டு வந்து மலையில் வேர் பிடித்தவர்களின் கதை இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது என்பதால், பிழைத்தலைப் பற்றிப் படகு இல்லத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லித்தரத் தகுதி உள்ளவர்கள் அவர்கள்தான். சாமையும் ராகியும் விளையும் அவர்களுடைய ஊர்களில் சோற்றுக்குக் கவலை இல்லை. உப்புக்கு அவர்களுக்கும் கீழ்நாட்டுச் சந்தைதான். காட்டு வழி தெரிந்தவர் ஒருவரும் படகோட்டியும் சேர்ந்து குப்பனூர்ப் பக்கம் இறங்கி, வழியில் உள்ள மளிகைக் கடைகளில் உப்பு மூட்டை தேடும் பகுதியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பயணத்தை எந்த மாதத்தில் வைப்பது என்பதில் நெடுநாள் குழம்பினேன். மழை மாதங்களில் வைத்தால் மண் சரிந்து சாலை மூடிக்கிடக்கும். திரும்பி வரும்போது தோளில் இருக்கும் உப்பு கரைந்தே போய்விடும் என்பது நல்ல இக்கட்டுதான். இருந்தாலும் தை மாதத்தில் வைத்துவிட்டேன். அப்போது காப்பிப் பழம் உண்மையாகவே செடியில் சிவந்து கிடக்கும். அதுவரை வெறுங்கையை அசைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்களின் விரல்களில் அந்த மாதம் நிஜப் பழம் சிக்கும். பறித்துப் பறித்துத் தரையில் குவித்துவைத்திருக்கும் அவர்களுக்கு நடுவே, உப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு இருவரும் மேலே ஏறி வர வேண்டும். ஒவ்வொருவர் வாயிலும் ஒரு கல் உப்பு போட்டுவிட்டு வருவதா, படகு இல்லத்தில் இருப்பவர்களுக்கு மிச்சம் வைப்பதா என்று அவர்கள் வழியிலேயே முடிவு செய்ய வேண்டும். படகோட்டி மூட்டையை அங்கேயே அவிழ்க்கிறார்.